எழுத்துக்களை விளையாட்டாக்கிய கணிதாசிரியர்

அலிஸ் என்னுஞ் சிறுமி வெள்ளை முயலொன்றின் பின்னே ஓடி அதன் வளையுள் வீழ்ந்த கதையை அறியாதார் நம் கல்லூரியின் பழைய மாணவருள் மிகச் சிலராகவே இருத்தல் கூடும். கீழ்வகுப்பில் ஆங்கில வாசகமாகப் பயின்றோரும், தமிழிற் சுருக்கிச் சொல்லக் கேட்டோரும், திரைப்படமாகக் கண்டோரும் பலர். அக்கதையை இயற்றிய லூயிஸ் கரோல் என்பாரின் பெயரும் அவ்வாறே பலர் நாவிற் பயில்வதாகும். ஆயின் அப்பெயருக்குப் பின்னே மறைந்து வாழ்ந்த கணிதாசிரியர் ஒருவர், ஆங்கில நெடுங்கணக்கின் இருபத்தாறு எழுத்துக்களையும் சிறுவர் கைக்குரிய விளையாட்டுப் பொருள்களாக்கித் தந்தார் என்பதும், இரண்டு மூன்று எழுத்துக்களைக் கொடுத்து அவை அடுத்தடுத்து நிற்குஞ் சொல்லைத் தேடுக என்னும் ஆட்டத்திற்கு விதிவகுத்து அச்சேற்றியவர் அவர் என்பதும் அத்துணைப் பரவிய செய்திகள் அல்ல. இவ்விழா மலரிலே அவர் வாழ்க்கையை அந்தப் பக்கத்தினின்று நோக்க விழைகின்றோம். தமிழாசிரியருக்கு ஆங்கிலச் சொல்லாட்டத்தில் என்ன வேலை என்று வினவும் நண்பர்களுக்கு விடை கட்டுரையின் இடையிலே கிடைக்கும்.

அவருடைய இயற்பெயர் சாள்ஸ் லட்விஜ் டொட்சன் என்பது. இங்கிலாந்திலே செஷயர்ப் பகுதியிலுள்ள டேர்ஸ்பெரி என்னுஞ் சிற்றூரில் 1832ஆம் ஆண்டு சனவரி மாதம் 27ஆந் திகதி பிறந்தார். தந்தையார் அவ்வூர்த் திருச்சபையின் குரு. கணிதத்திலும் பழமொழிகளான கிரேக்க இலத்தீனிலும் வல்லவர். மக்கள் பதினொருவர். அவருள் நம் டொட்சன் மூன்றாமவர், ஆண்மக்களுள் மூத்தவர். 1843இல் தந்தையாருக்கு யோக்ஷயரைச் சார்ந்த குறொஃப்ட் என்னுமிடத்திலே பெரியதொரு பதவி கிடைக்கவே, குடும்பம் அங்குள்ள விசாலமான குருமனைக்குக் குடிபெயர்ந்தது.

தம்பி தங்கையர் நிறைந்த அந்த மனையிலேதான் அவருடைய உண்மையான முதற்பள்ளி நடந்ததென்று சொல்லத் தோன்றுகின்றது. தோட்டத்திலே புகையிரத ஆட்டமொன்றை அமைத்தார்; அதற்கு நிலையங்களும் பயணிகளுக்கான விதிகளும் வகுத்தார். பொம்மலாட்டம் நடத்தினார். கையெழுத்துச் சஞ்சிகைகள் பலவற்றை வீட்டாருக்கென்றே தொகுத்து எழுதினார். அவற்றுள் இறுதியாக வந்ததற்கு 'மிஷ்மாஷ்' என்று பெயரிட்டார். கலவை, கதம்பம் என்னும் பொருளுடைய ஜெர்மானியச் சொல் அது. இப்பெயரை வாசகர் மறவாதிருத்தல் வேண்டும்; இருபத்தைந்து ஆண்டு கழிந்தபின் அது வேறோர் உருவில் மீண்டும் வரும். விதியில்லாத விளையாட்டை அவர் இளமையிலும் விரும்பினாரல்லர். ஆட்டம் எவ்வளவு வேடிக்கையானதோ அவ்வளவு கண்டிப்பான விதிகள் அதற்கு வேண்டும் என்பது அவர் இயல்பு.

இவ்வின்பத்திற்கு ஒரு குறை இருந்தது. அவருக்குப் பேச்சுத் திக்கும். உடன்பிறந்தாருட் பலருக்கும் அக்குறை உண்டு. அன்றியும் இளமையில் வந்த காய்ச்சலொன்றினால் வலக்காதின் கேள்வியும் கெட்டது. வீட்டினுள்ளே இது பொருட்டாகவில்லை. தங்கையர் காத்திருந்து கேட்டனர். றிச்மண்ட் என்னும் ஊர்ப் பாடசாலையிலும் ஓரளவு அமைதியாகக் கற்றார். ஆனால் 1846இல் றக்பி என்னும் புகழ்பெற்ற கல்லூரிக்கு அனுப்பப்பட்டபோது நிலைமை வேறாயிற்று. பரிசில்கள் பெற்றார்; ஆசிரியர்கள் அவர் கணிதத் திறனைப் பாராட்டினர். எனினும் விடுதியிலே பெரிய மாணவர் சிறியோரை வருத்தும் வழக்கம் அக்காலத்திற் கடுமையாக இருந்தது. அங்குக் கழித்த மூன்றாண்டுகளை எக்காரணங்கொண்டும் மறுமுறை வாழ ஒருப்படேன் என்ற கருத்தைப் பிற்காலத்தில் அவர் எழுதிவைத்தார். நம்மனோர் கல்லூரி விழாக்களிலே இளமைக் காலத்தை இனிமையென்றே நினைவுகூர்வது வழக்கம். அவ்வினிமை எல்லார்க்கும் கிட்டியதன்று என்பதை இம்மலரின் ஒரு பக்கத்திலாவது குறித்துவைத்தல் முறையென்று கருதுகின்றோம்.

1851ஆம் ஆண்டு சனவரியில் ஒக்ஸ்போட் சர்வகலாசாலையின் கிறைஸ்ட் சேர்ச் கல்லூரிக்குட் புகுந்தார். புகுந்த இரண்டாம் நாளே அன்னையார் இறந்த செய்தி வந்தது. மீண்டு சென்று கற்றுக் கணிதத்தில் முதல் வகுப்பிற் சித்தியெய்தினார். 1855இல் அக்கல்லூரியிலேயே கணித விரிவுரையாளரானார். 1881 வரை அப்பணியைச் செய்தார். பணியை விட்ட பின்னரும் இறக்கும்வரை அங்கேயே அறைகளில் வசித்தார். ஆக, மாணவராய்ப் புகுந்த வாயிலைவிட்டு நாற்பத்தேழாண்டுகளாக அவர் நீங்கவில்லை. 1861இல் திருச்சபையின் உதவிக்குருவாகத் திருநிலை பெற்றார். ஆயின் முழுக்குருவாகும் அடுத்த படியில் அவர் ஏறவேயில்லை. பிரசங்க மேடையிலே திக்கிவிடுவோம் என்னும் அச்சம் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படும். ஜேம்ஸ் ஹன்ட் என்னும் பேச்சுப் பயிற்சி வல்லாரை அடுத்துச் சிகிச்சையும் பெற்றார். குறை தணிந்ததேயன்றி நீங்கிற்றில்லை.

விரிவுரையாளராக அவர் புகழ்பெற்றாரல்லர் என்பதை மறைத்தற்கில்லை. கணிதத்தை வேண்டாவெறுப்பாகப் படிக்க வந்த செல்வர்வீட்டு இளைஞருக்கு யூக்கிளிட்டின் வடிவகணிதத்தை வரட்சியாகச் சொல்லிக்கொடுத்தார் என்றே கேட்டோர் பலர் நினைவுகூர்ந்தனர். வகுப்பறையிற் சோபியாத ஆசிரியர் ஒருவர், வகுப்பறைக்கு வெளியே இங்கிலாந்தின் சிறுவர்க்கெல்லாம் ஆசிரியரானது எவ்வாறு? இவ்வினாவே நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

அவருடைய புனைபெயரின் பிறப்பே ஓர் எழுத்தாட்டமாகும். 1856இல் 'த ட்ரெயின்' என்னுஞ் சஞ்சிகைக்குச் செய்யுளொன்று அனுப்பியபோது அதன் ஆசிரியர் எட்மண்ட் யேட்ஸ் புனைபெயர் ஒன்று வேண்டினார். டொட்சன் நான்கு பெயர்களை அனுப்பினார். சாள்ஸ் லட்விஜ் என்ற தம் பெயரிலுள்ள பதினைந்து ஆங்கில எழுத்துக்களையும் ஒன்றும் கூடாமல் ஒன்றும் குறையாமல் இடம்மாற்றி எட்கார் கத்வெலிஸ் என்று ஆக்கியது அவற்றுள் ஒன்று. எட்கார் வெஸ்ட்ஹில் என்று இரண்டு தலைப்பெழுத்துக்களோடு அமைத்தது இன்னொன்று. அதிலும் அதே பதினைந்து எழுத்துக்கள். மற்றைய இரண்டும் வேறொரு முறையில் வந்தன. சாள்ஸ் லட்விஜ் என்பதை இலத்தீனாக்கினால் கரோலஸ் லுடோவிக்கஸ் என வரும். அதனை முன்பின்னாக்கி மறுபடி ஆங்கிலமாக்கினால் லூயிஸ் கரோல் ஆகும். யேட்ஸ் இதனையே தெரிந்தெடுத்தார். வேறொன்றைத் தெரிந்திருந்தால் எட்கார் கத்வெலிஸ் எழுதிய கதையை நம் சிறுவர் படித்திருப்பர்!

அலிஸின் கதை பிறந்த வரலாறு பலமுறை சொல்லப்பட்டதாதலின் விரைந்து செல்வோம். கிறைஸ்ட் சேர்ச்சின் தலைவர் ஹென்றி லிடல் என்பவர் கிரேக்க மொழிக்குப் பேரகராதி கண்ட இருவருள் ஒருவர். அவருடைய மகளிர் லொறினா, அலிஸ், ஈடித் என்னும் மூவரோடும், நண்பர் டக்வேர்த்தோடும் 1862 யூலை 4ஆந் திகதி தேம்ஸ் ஆற்றிலே கோட்ஸ்டோ வரை தோணியிற் சென்றபோது டொட்சன் அக்கதையைச் சொன்னார். அலிஸ் வேண்டியபடி கையால் எழுதிப் படமும் வரைந்து 1864இற் கொடுத்தார். 1865இல் மக்மில்லன் பதிப்பகத்தார் ஜோன் டெனியலின் சித்திரங்களோடு வெளியிட்டனர். அச்சுப் படங்கள் செவ்வையாக இல்லையென்று டெனியல் சொன்னதனால் முதற்பதிப்பு முழுவதையும் திருப்பியழைத்து மறுபடி அச்சிடுவித்தார் டொட்சன். 1871இன் முடிவில் கண்ணாடிக்குள் அலிஸ் புகும் இரண்டாங் கதை வந்தது. அதன் இறுதிச் செய்யுளில் அடிகளின் முதலெழுத்துக்களை மேலிருந்து கீழாகக் கூட்டினால் அலிஸ் பிளெசன்ஸ் லிடல் என்னும் முழுப்பெயர் வரும்; இருபத்தொரு அடி, இருபத்தொரு எழுத்து. லிடல் குடும்பத்தோடு 1863இல் நேர்ந்த பிரிவுக்குக் காரணம் இன்றும் தெளிவாகவில்லை. அவர் நாட்குறிப்பேடுகள் பதின்மூன்றனுள் நான்கு காணாமற்போயின. எஞ்சியவற்றிலும் சில ஏடுகள் கிழிக்கப்பட்டுள்ளன. சிறுமியரோடு அவர் பழகியதையும் அவர்களைப் புகைப்படம் எடுத்ததையும் இக்காலத்து ஆய்வாளர் ஐயத்தோடு நோக்குகின்றனர். வேறு சிலர் அக்காலத்து வழக்கத்தைக் காட்டி மறுக்கின்றனர். சான்றுகளின்றித் தீர்ப்புக் கூறுதல் நமது வேலையன்று, மறைத்தலும் நேர்மையன்று.

இனி நாம் சொல்லக் கருதிய பகுதிக்கு வருவோம்.

1877ஆம் ஆண்டு நத்தார்க் காலத்திலே பெண்பிள்ளைகள் இருவர் பொழுதுபோகவில்லையென்றும் விடுகதைகள் அனுப்பவேண்டுமென்றும் அவரைக் கேட்டனர். கைவசம் விடுகதை இல்லாமையால் புதியதொன்றை ஆக்கினார். ஒரே அளவான எழுத்துக்களையுடைய இரு சொற்களைக் கொடுக்க வேண்டும். முதற்சொல்லில் ஒருமுறைக்கு ஓரெழுத்தை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றுந்தோறும் வருவது உண்மையான சொல்லாக இருத்தல் வேண்டும். இவ்வாறே படிப்படியாக இரண்டாஞ் சொல்லை எய்த வேண்டும். தலையை வாலாக்குக என்பது அவர் தந்த ஒரு கணக்கு. ஹெட் என்பது ஹீல் ஆகும், அஃதாவது ஆறுதல். ஹீல் டீல் ஆகும், அது ஒருவகைச் சிறு தாரா. பின்னர் டெல், சொல்லுதல். பின்னர் டோல், உயரம். இறுதியிலே டெயில், வால். இடையிலே நான்கு சொற்கள். ஒலியை நோக்கினால் இவை பெரிதும் வேறுபடும். எழுத்தை நோக்கினால் ஒவ்வொன்றும் ஓரெழுத்தே பிறிதாகும். 'டப்லெட்ஸ்' எனப் பெயர்பெற்ற இவ்வாட்டம் 1879இல் 'வனிற்றி ஃபெயர்' என்னும் இதழில் போட்டியாக வந்து பரிசில்களும் வழங்கப்பட்டன. அவ்வாண்டே நூலாகவும் வெளிவந்தது. இது சொல், இது சொல்லன்று என்ற வழக்கைத் தீர்ப்பதற்காக, ஆட்டத்திற்கு ஏற்ற சொற்களை நிரல்படுத்திய அகராதியொன்றையும் நூலிற் சேர்த்தார்.

இதனினும் எளியதும், நம் கருத்தில் இதனினும் ஆழமானதும், 1881இல் 'மன்த்லி பக்கெற்' என்னும் சஞ்சிகையில் அவர் வெளியிட்ட ஆட்டம். அதற்கே தம் இளமைச் சஞ்சிகையின் பெயரான 'மிஷ்மாஷ்' என்பதைச் சூட்டினார். ஆடுவோர் இருவர். ஒவ்வொருவரும் இரண்டோ அதற்கு மேற்பட்டனவோ ஆகிய எழுத்துக்களைச் சேர்த்து ஒரு கருவாக நினைத்துக்கொண்டு, ஆயத்தமானதும் ஒருவர்க்கொருவர் வெளிப்படுத்துவர். மற்றவர் அக்கரு தன்னுள்ளே சிதையாமல் நிற்குஞ் சொல்லொன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்ட சொல் பொதுமக்களிடையே வழங்குவதாய் இருத்தல் வேண்டும். ஆட்பெயர், ஊர்ப்பெயர் ஆகா. அவர் காட்டிய உதாரணங்கள் மூன்று. ஜீ என்பதன்பின் பென்சிலுக்கு முதலாக வரும் பீ நிற்குமாறு ஒரு சொல் வேண்டுமாயின் மக்பை, அது காக்கையினத்துப் பறவை. ஈ, எம், ஓ என்பவை அடுத்தடுத்து வரவேண்டுமாயின் லெமன், நமது எலுமிச்சை. ஐ, எம், எஸ், ஈ என்பவை வேண்டுமாயின் ஹிம்செல்ஃப், தான் என்னும் பொருளது.

மூன்றாம் உதாரணத்தைச் சற்றே உற்றுநோக்குக. ஐ, எம், எஸ், ஈ என்று சேர்த்துப் படித்தால் எந்த ஒலியும் மனத்திற் படியாது. ஏனெனில் ஹிம் என்ற சொல்லின் ஈறும் செல்ஃப் என்ற சொல்லின் முதலும் அங்கே பொருந்துகின்றன. நிலைமொழியீறும் வருமொழிமுதலும் புணரும் இடத்தையே அவர் வெட்டியெடுத்துக் கையிற் கொடுத்துள்ளார். நாம் சொற்களை முழுமையாகவே கண்டு பழகியவர்கள், பொருத்துவாயைப் பார்ப்பதில்லை. மக்பை என்பதும் அத்தகையதே. மாக் என்பது மார்கரெட் என்னும் பெண்பெயரின் குறுக்கம். பை என்பது அப்பறவையின் பழைய பெயர். ஆட்பெயர் ஆகாது என்று விதித்தவர் காட்டிய முதல் உதாரணத்தினுள்ளேயே ஆட்பெயரொன்று ஒளிந்திருக்கின்றது! அவர் அறிந்தே வைத்தாரோ, யாம் அறியோம்.

தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்றோம். எந்த மெய்க்குப் பின் எந்த மெய் வந்து மயங்கும் என்பதை நம் இலக்கண நூலார் வரையறுத்து வைத்தனர். ககர சகர தகர பகரங்கள் தம்மொடு தாமே மயங்கும். ரகர ழகரங்கள் பிறவற்றோடு மயங்குமன்றித் தம்மொடு தாம் மயங்கா. ஆதலின் தமிழில் இத்தகைய கருவைக் கொடுத்தால், சொல் உண்டோ இல்லையோ என்பதை மெய்ம்மயக்க விதி பெரும்பாலும் முன்னரே கூறிவிடும். ஆங்கிலமோ பல மொழிகளினின்று கடன்வாங்கி எழுத்துமுறையைத் திருத்தாது விட்ட மொழி. எழுத்துக்களை மட்டும் நோக்கி இஃது இயலாது என்று சொல்லிவிட ஆங்கே எவராலும் முடியாது. தேடித்தான் பார்க்க வேண்டும். எக்ஸ், வை, ஜீ என்னும் மூன்றையும் கண்டவர் அப்படியொரு சொல் இராது என்பர். நாம் ஒட்சிசன் என்று வழங்கும் வாயுவின் ஆங்கிலப் பெயரில் அவை வரிசையாக நிற்கின்றன. கே என்பதன் இருபுறமும் டபிள்யூ நிற்கும் சொல் உண்டோ எனின், உண்டு. அது கோணலான, பாங்கற்ற என்னும் பொருளுடைய ஓக்வர்ட். இங்கும் பொருத்துவாய் உளது. திருகிய என்று பொருள்பட்ட ஓக் என்னும் பழஞ்சொல் வழக்கொழிந்து போயிற்று; வர்ட் என்னும் விகுதியோடு கூடிய இடத்தில் மட்டும் உயிர்பிழைத்திருக்கின்றது. கல்வெட்டாராய்ச்சி செய்பவர்போல எழுத்தாட்டம் ஆடுபவரும் இறந்த சொல்லொன்றைத் தோண்டியெடுக்கின்றார்.

இவ்வாட்டத்தின் விதிகளுள் நம்மைப் பெரிதுங் கவர்ந்தது வேறொன்று. கருவைக் கொடுப்பவர், அது நிற்குஞ் சொல்லொன்றைத் தாம் அறிந்திராமலே கொடுக்கலாம். விடை காண்பவர், கொடுத்தவர் மனத்திலிருந்த சொல்லையே காணவேண்டுமென்பதும் இல்லை. பொருந்துகின்ற எச்சொல்லும் விடையே. அப்படி ஒரு சொல்லே இல்லையென்று துணிவதற்கும் இடமுண்டு. பரீட்சைகளிலே வினாவுபவர் விடையைக் கையில் மூடிவைத்துக்கொண்டே வினாவுகின்றார். இங்கே இருவரும் ஒரே இருளில் நின்று தேடுகின்றனர்.

இவ்விடத்தில் நம் சொந்தப் பிழையொன்றைச் சொல்லவேண்டியுள்ளது. பயிற்சிக் கலாசாலையை விட்டு வந்து படிப்பிக்கத் தொடங்கிய முதலாண்டுகளிலே, நம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். அவனுக்கு நாத் திக்கும். பாடத்தை உரக்க வாசிக்கும் முறை வரிசையாக வரும்போது அவனை விட்டு அடுத்தவனை எழுப்புவோம். அதனை இரக்கமென்றே எண்ணியிருந்தோம். அவனும் முறை வரும்போது புத்தகத்தை மூடிவைத்துக் காத்திருக்கப் பழகிவிட்டான். மாரிகாலத்து ஒருநாள், ஆங்கில ஆசிரியர் லீவிலிருந்தமையால், இறுதிப் பாடவேளைக்கு அவ்வகுப்பை நாம் பார்க்க நேர்ந்தது. கூரைமேல் மழை இரைந்தது. எதைச் சொன்னாலும் பின்வாங்கிற் கேளாது. எனவே கரும்பலகையிலே ஜீ, எச், ரீ, எச் என்னும் நான்கெழுத்துக்களை எழுதி, இவை அடுத்தடுத்து வரும் ஆங்கிலச் சொல்லொன்றைக் கண்டுபிடியுங்கள் என்று கையாற் குறிப்புக் காட்டினோம். நமக்கு ஒரு சொல்லும் தெரியாது என்பதே உண்மை. கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தோர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தனர். அவன் எழுந்து வந்தான், வாய் திறக்கவில்லை, நம் கையிலிருந்த வெண்கட்டியை வாங்கி, வெளிச்சவீட்டைக் குறிக்கும் லைற்ஹவுஸ் என்னும் சொல்லை எழுதினான். லைற் என்பதன் ஈறும் ஹவுஸ் என்பதன் முதலும் பொருந்துமிடத்தில் அந்த நான்கெழுத்தும் கிடந்தன. பின்னர் அவ்வெழுத்துக்களின் கீழே கோடிட்டு, வகுப்பைப் பார்த்து நின்றான். அவனை அத்தனை மாதங்களாக முறை தவறி விட்டுவந்தது யாருடைய வசதிக்காக என்பது அப்பொழுதுதான் நமக்கு உறைத்தது. மறுநாள் முதல் அவன் முறையில் அவனையே எழுப்பினோம். எவ்வளவு நேரம் சென்றாலும் காத்திருந்தோம். டொட்சனுடைய விதிகளை நாம் தேடிப் படித்தது அதற்குப் பின்னராகும்.

டொட்சன் எழுத்துக்களை விரும்பியதற்கும் அவர் திக்குவாய்க்கும் தொடர்புண்டோ என்று எண்ணாதிருக்க முடியவில்லை. அவர் அவ்வாறு எங்கும் எழுதிவைத்ததாக நாம் கண்டிலோம். ஆகவே இது நம் ஊகமே. ஆயின் வாயிலே எந்த எழுத்துத் தடைப்படும் என்று ஒவ்வொரு சொல்லையும் முன்கூட்டியே ஆராய்ந்து பேசவேண்டிய ஒருவர், மற்றையோர் காணாத பொருத்துவாய்களைக் காண்பது வியப்பன்று. நாவில் அடங்காத எழுத்துக்கள் தாளில் அவருக்குக் கீழ்ப்படிந்தன. அவர் பெற்றதும் அனுப்பியதுமான கடிதங்களைப் பதிந்துவந்த ஏட்டின் இறுதி இலக்கம் 98,721. பேசுதற்கு இடர்ப்பட்டவர் எழுதியவற்றின் கணக்கு அது.

அவரது ஏனைய எழுத்தாட்டங்களும் இக்குடும்பத்தைச் சேர்ந்தனவே. பொதுவான எழுத்துத் தொடர்களால் சொல்லைச் சொல்லோடு கோக்கும் 'சிசிஜீஸ்' என்பதை 1891 முதல் 'த லேடி' என்னும் இதழில் வெளியிட்டார். மனிதனைப் பனிக்கட்டிமேல் அனுப்புக என்பது அதில் ஒரு கணக்கு: மான் என்னுஞ் சொல் பேர்மனன்ற் என்பதனுள் முழுதாக இருக்கின்றது, அதன் கடைசி மூன்றெழுத்தும் என்டைஸ் என்பதற்கு முதலாகின்றன, என்டைஸ் என்பதன் ஈற்றிலே ஐஸ் இருக்கின்றது. ஆண்டுகளை நினைவில் வைப்பதற்கு 1877இல் அவர் திருத்தியமைத்த முறையும் அழகானது. ஒவ்வோர் இலக்கத்திற்கும் இரு மெய்யெழுத்துக்கள், உயிரெழுத்துக்கள் கணக்கில்லை. கொலம்பஸ் கடல்கடந்த 1492இல் முதலிலக்கத்தை விட்டால் நான்கு, ஒன்பது, இரண்டு. நான்கின் ஆங்கிலப் பெயரிலுள்ள எஃப், ஒன்பதிலுள்ள என், இலத்தீனில் இரண்டைக் குறிக்கும் டுவோவின் டீ ஆகிய மூன்றையும் முறையே கொண்ட சொல் யாது? கண்டுபிடித்த என்னும் பொருளுடைய ஃபவுண்ட். இப்படிச் சொற்களைத் தேடிச் செய்யுளில் அமைத்து ஒக்ஸ்போட் கல்லூரிகள் தோன்றிய ஆண்டுகளையெல்லாம் மனப்பாடமாக்கினார். தமக்குப் பிடிக்காத அரசியலாளரான கிளாட்ஸ்டனின் முழுப்பெயரிலுள்ள இருபத்தொரு எழுத்துக்களையும் இடம்மாற்றி, நல்லெண்ணமுடைய வெறிபிடித்த கிளர்ச்சிக்காரர் என்று பொருள்படச் செய்தார். அதற்காக அவர் தூக்கத்தையும் இழந்திருப்பார் என்றே நினைக்கின்றோம்.

1880 திசெம்பரில் அவர் நாட்குறிப்பிலே ஒரு சிறு குறிப்பு உண்டு. எழுத்துக்களைச் சதுரங்கப் பலகைமேல் வைத்து நகர்த்திச் சொற்களாக்கும் ஆட்டம் ஒன்று செய்யலாமே என்பது அதன் கருத்து. பலகைமேல் எழுத்துக்கட்டைகளைப் பரப்பும் ஸ்கிரபிளை 1930களில் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் அல்பிரட் பட்ஸ் அமைத்தார். அது அப்பெயரோடு விற்பனைக்கு வந்தது 1948இல். நம் விடுதி மாணவர் ஸ்கிரபிள் ஆடி இரவு மணி அடித்ததையும் மறந்த கதைகளைப் பழைய மாணவர் அறிவர்.

ஒரு முரணையும் சொல்லவேண்டும். ஆட்டத்திலே வழக்கிலில்லாத சொல்லை அணுவளவும் ஏற்காத இவரே, கதைக்குள்ளே அகராதியிலில்லாத சொற்களை அள்ளிச் சொரிந்தார். இரு சொற்களை மடித்து ஒரே பயணப்பெட்டிக்குள் வைப்பதுபோல் இணைத்து ஆக்கிய சொற்கள் அவை. அவற்றுள் களித்துக் குறட்டொலியோடு சிரித்தலைக் குறிக்கும் சோட்டில் என்பது பின்னர் ஆங்கில அகராதிகளில் இடம்பெற்றுவிட்டது. இன்று எவரேனும் மிஷ்மாஷ் ஆடும்போது அதனை விடையாகச் சொன்னால் அவருடைய விதிப்படியே ஏற்றுக்கொள்ளவேண்டி வரும்.

பிற்காலத்தில் உறக்கமின்மை அவரை வருத்தியது. இருளிலே எழுந்து விளக்கேற்றாமல் எழுதுதற்கு 1891இல் ஒரு கருவி செய்தார். அட்டையில் வெட்டிய சதுரங்களுக்குள் புள்ளியும் கோடுமாக அமைந்த புதிய எழுத்துக்களை இடும் முறை அது; நெடுங்கணக்கையே தமக்கென மறுபடி ஆக்கிக்கொண்டார். படுக்கையில் மனத்தாற் செய்த கணிதக் கணக்குகளை 1893இல் நூலாக்கினார். அதன் தலைப்பில் முதலில் உறக்கமில்லா இரவுகள் என்றிருந்ததை, நண்பர்கள் கவலையுறுவதைக் கண்டு, விழித்திருக்கும் வேளைகள் என்று அடுத்த பதிப்பில் மாற்றினார். தூயகணிதத்தில் அணிக்கோவை பற்றிய அவரது 1866ஆம் ஆண்டு முறை இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது.

1887இல் ஒக்ஸ்போட் பெண்கள் உயர்தரப் பாடசாலையில் அளவைநூல் கற்பிக்கத் தொடங்கினார். பலகையொன்றும் சிவப்பும் சாம்பலுமான ஒன்பது காய்களும் கொண்டு அளவையை ஆட்டமாகவே நடத்தினார். கிறைஸ்ட் சேர்ச்சின் செல்வ இளைஞர் முன் வரண்டுபோன அதே ஆசிரியர், அங்கே விரும்பிக் கேட்கும் பிள்ளைகள் முன் மலர்ந்தார். அவருடைய குறியீட்டு அளவைநூலின் முதற்பகுதி 1896இல் வெளிவந்தது. இரண்டாம் பகுதி மறைந்து கிடந்து, பார்ட்லி என்னும் அறிஞரால் தேடியெடுக்கப்பட்டு, 1977இல் அச்சேறியது.

1897 நத்தாருக்குக் கில்ட்போட் நகரில் தங்கையர் வாழ்ந்த இல்லத்திற்குச் சென்றார். தந்தையார் 1868இல் இறந்தபின் மணமாகாத சகோதரிகளுக்கென அவர் அமர்த்திக் கொடுத்த இல்லம் அது. அங்கே சளிக்காய்ச்சல் நியூமோனியாவாக முற்றி, 1898 சனவரி 14ஆந் திகதி காலமானார். அறுபத்தாறு வயது நிரம்ப இரு வாரங்களே இருந்தன.

வாழ்நாளிலே அவர் தம் இரு பெயர்களையும் ஒன்றாக வைக்க எவரையும் விட்டதில்லை. லூயிஸ் கரோல் எனக் கல்லூரி முகவரிக்கு வரும் கடிதங்களை ஏற்க மறுத்தார். அப்பெயருக்கும் தமக்கும் எவ்விதத் தொடர்பையும் தாம் ஒப்புக்கொள்வதில்லை என்று 1890இல் ஓர் அறிவித்தலே அச்சிட்டு வைத்துக்கொண்டு, எழுதுவோர்க்கு அனுப்பினார். கில்ட்போட் மயானத்தில் அவர் கல்லறைமேல் நிற்கும் சிலுவையிலே சாள்ஸ் லட்விஜ் டொட்சன் என்னும் பெயரும், அதனையடுத்து லூயிஸ் கரோல் என்னும் பெயரும் ஒருங்கே பொறிக்கப்பட்டுள்ளன.